நெஞ்சுச் சளியும் ஒரு மூடி மருந்தும்

மார்கழி, தை மாதங்களில் நம் சங்கத்து விழா எதற்குப் போனாலும் மேடையில் பாட்டு நடக்கும்போது கீழே ஒரு பக்கவாத்தியம் தவறாமல் கேட்கும். அது இருமல்! நாகபுரிக் குளிர் அப்படி. கோடையில் 45 டிகிரிக்கு வறுத்தெடுக்கிற இதே ஊர், ஜனவரியில் விடியற்காலை நடைக்குப் போகிறவர்களை நடுநடுங்க வைத்துவிடும். பத்து நாளைக்கு ஊரில் பாதிப்பேர் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமுவார்கள். மீதிப்பேர் அவர்களுக்கு மருந்து சொல்வார்கள்.

அப்படி மருந்து சொல்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு 1981ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்து, 2019ல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் இருமல் மருந்து விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்பதை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம்தான். ஆனால் எழுதினால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்று மனைவி சொன்னதால் எழுதுகிறேன்.

கம்பவுண்டர் காலத்து மிக்சர்

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ரயில்வே டிஸ்பென்சரிக்குப் போகும்போது வீட்டிலிருந்தே காலி பாட்டில் எடுத்துப் போகவேண்டும். பெரிய ஜாடியிலிருந்து கம்பவுண்டர் இருமல் மிக்சரை ஊற்றி, வெள்ளைக் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்துப் பாட்டிலின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே உள்ளது ஒரு வேளை மருந்து. "குலுக்கிக் குடிக்கணும், ஒரு கோடுக்கு மேலே போகக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்.

அந்தக் காகிதப் பல்லை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். இப்போது யோசித்தால், அதில்தான் மருந்தின் பாதி பத்திரம் இருந்திருக்கிறது. எவ்வளவு, எத்தனை தடவை, யாருக்கு என்று மூன்றையும் ஒருவர் பார்த்துக் கொடுத்தார். இன்று பாட்டில் பளபளவென்று வருகிறது. மூடியிலேயே அளவுக் கோடு இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

அந்த ஜனவரி இரவு

2025 ஜனவரி. பொங்கல் முடிந்த வாரம். ஜலதோஷம் இறங்கி நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமினால் 'கள கள' என்று சத்தம், கோழை வெளியே வரமாட்டேன் என்றது. தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைப் பையன், "பல்கம் இருக்கா அங்கிள்ஜி, இல்லே சூகா காசியா?" என்று ஹிந்தியில் கேட்டான். சளி இருமலா, வறட்டு இருமலா என்று அர்த்தம். கேட்க வேண்டிய கேள்விதான். சளி என்றேன். ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். டாக்டர் சீட்டு அவனும் கேட்கவில்லை, என்னிடமும் இல்லை. நான் ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதை அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று பகலில் பாயசம் சாப்பிடுகிற கரண்டியால் இரண்டு இரண்டாக மூன்று வேளை குடித்தேன். சாயந்திரம் பார்க்க வந்த நண்பர், தனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் இரண்டைக் கொடுத்து, "ஒண்ணு போட்டுக்கோ, நெஞ்சு லேசாயிடும்" என்றார். போட்டுக்கொண்டேன். இரவு பத்து மணிக்குத் தூக்கத்தில் மறுபடி இருமல். இருட்டில் கரண்டியைத் தேடச் சோம்பல்பட்டு, பாட்டிலையே வாயில் வைத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

பன்னிரண்டு மணிக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மார்பு, இரும்புப் பாலத்தின் மேல் சரக்கு வண்டி போகிற மாதிரி தடதடவென்று அடித்தது. "என்னங்க, முகமெல்லாம் இப்படி வேர்க்குதே!" என்று மனைவி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த மராட்டிக் குடும்பத்துப் பிள்ளை தன் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தான்.

அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை, நாடி மட்டும் மிக வேகம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. இளம் பெண் டாக்டர் ஒருவர், "இன்றைக்கு என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். நல்ல வேளை, மனைவி பாட்டிலையும் மிச்ச மாத்திரையையும் கைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். டாக்டர் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றார். ரயில்வே இன்ஜினியர் என்றேன். "புது மெஷின் வந்தால் மேனுவலைப் படித்துவிட்டுத்தானே ஓட்டுவீர்கள்? இதுவும் ஒரு மேனுவல்தான்" என்று லேபிளைத் தட்டிக் காட்டினார்.

காலை வரை வைத்திருந்து, நாடி இறங்கியபின் அனுப்பினார்கள்.

பாட்டிலுக்குள் யார் யார்?

வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடி வைத்து அந்த லேபிளைப் படித்தேன். மருந்து ஒன்று என்று நினைத்திருந்தேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்.

முதலாவது குவாய்ஃபெனசின். இதுதான் அசல் 'எக்ஸ்பெக்டோரன்ட்', அதாவது கோழை இளக்கி. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளில் வளரும் குவாயாகம் என்ற மரத்தோடு தொடர்புள்ள பொருள். சுவாசக் குழாயில் நீர்ப்பசையைக் கூட்டிச் சளியைத் தளர்த்துகிறது. இருமலை நிறுத்துவது இதன் வேலை அல்ல. இருமினால் சளி வெளியே வரும்படி செய்வதுதான் வேலை.

இரண்டாவது புரோம்ஹெக்சின். இது கெட்டிச் சளியின் பிசுபிசுப்பை உடைத்து மெல்லியதாக்குகிறது. இதன் பூர்வீகம் கேட்டால் நம்மவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நம் ஊர் வேலியோரத்து ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் இதை உருவாக்கினார்கள். பாட்டி வைத்துக் கொடுத்த ஆடாதோடைக் கஷாயத்தின் தூரத்துப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இந்தப் புரோம்ஹெக்சினை மாற்றுவதால் உண்டாகும் பொருள்களில் ஒன்று ஆம்ப்ராக்சால். அதுவும் தனி மருந்தாகப் பல பாட்டில்களில் வருகிறது.

மூன்றாவது டெர்புடலின். இது கோழை இளக்கியே அல்ல. சுருங்கிய சுவாசக் குழாயை விரிக்கிற மருந்து. ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் இதயத்தையும் தட்டி எழுப்பும், கையை நடுங்க வைக்கும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். நண்பர் கொடுத்த மாத்திரையில் இருந்த சால்பியூட்டமாலும் இதே குடும்பம். ஒரே பாதையில் எதிரும் புதிருமாக அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வண்டிகளை நானே விட்டிருக்கிறேன்!

பழக்கதோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். லேபிள்படி 5 மி.லி.யில் டெர்புடலின் 1.25 மி.கி., குவாய்ஃபெனசின் 50 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மி.லி. நான் இரவு குடித்த அந்த 'இரண்டு மடக்கு' எவ்வளவு? அதே காலி பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி இரண்டு மடக்குக் குடித்துக் குறைந்ததை அளந்தேன். 45 மி.லி.! அதாவது ஒரே மூச்சில் நாலரை வேளை மருந்து, டெர்புடலின் மட்டும் 11.25 மி.கி.

குவாய்ஃபெனசினைப் பார்த்தால் அதே 45 மி.லி.யில் 450 மி.கி. இந்த மருந்து தனியாக வரும்போது பெரியவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 200 முதல் 400 மி.கி. வரை, ஒரு நாளைக்கு 2400 மி.கி.க்கு மேல் கூடாது என்பது அமெரிக்காவில் உள்ள விதி. ஆக, கோழை இளக்கி என்னை அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அதோடு கூட வந்த துணை மருந்து. இருமல் பாட்டிலில் முக்கியமாகப் பார்க்கவேண்டியது இதைத்தான். பெயர் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், உள்ளே யார் யார் கூட வருகிறார்கள் என்று பொடி எழுத்தில் பாருங்கள்.

அந்தப் பொடி எழுத்துக்குப் பக்கத்திலேயே சிவப்புக் கோடும், டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தன. கடையில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் மட்டும் ஒரு மருந்து சீட்டில்லாமல் சாப்பிடக்கூடியதாக ஆகிவிடாது.

சளி இருமல் வேறு, வறட்டு இருமல் வேறு

இருமலை நாம் வியாதி என்று நினைக்கிறோம். உண்மையில் அது துப்புரவுத் தொழிலாளி. சுவாசக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சளி அதிகமாகி, கெட்டியாகி, ரோமங்களால் தள்ள முடியாதபோது இருமல் வந்து உதைத்து வெளியேற்றுகிறது.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குள் சேறு அடைத்துக்கொண்டால் மழைநீர் வடியாது, பாதை உட்காரும். சேற்றைச் சலித்து எடுப்போமே தவிர, மேலே சாக்குப் போட்டு மூடமாட்டோம். சளி இருமலுக்கு இருமலை அடக்குகிற மருந்து கொடுப்பது சாக்குப் போட்டு மூடுகிற வேலை. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், கோடீன் போன்றவை அடக்குகிற ரகம். அவை வறட்டு இருமலுக்கு. அதிலும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ஆபத்து.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கோழை இளக்கி அற்புத மருந்து ஒன்றும் அல்ல. கடையில் வாங்கும் இருமல் மருந்துகளைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 2014ல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இவை பலன் தருகின்றன என்றோ தரவில்லை என்றோ அடித்துச் சொல்லும் அளவுக்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. ஜலதோஷத்தோடு வந்த சளி இருமல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தானே போய்விடும். மருந்து கொஞ்சம் சௌகரியம் தரலாம். அந்தக் கொஞ்சம் சௌகரியத்துக்காகப் பெரிய அபாயத்தை விலைக்கு வாங்குவதா என்பதுதான் கேள்வி.

கரண்டிக் கணக்கு

அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ. அதில் சில மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் நோட்டில் குறித்து நடவடிக்கை எடுத்தவன் நான். மருந்தை மட்டும் கண்ணளவில் குடித்திருக்கிறேன். சமையலறையிலிருந்து கரண்டிகளை எடுத்து வந்து, ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்து பார்த்தேன். டீக் கரண்டி ஒன்று 3.5 மி.லி., இன்னொன்று 5 மி.லி. பாயசக் கரண்டி 8 மி.லி. சாதம் சாப்பிடும் கரண்டி 13 மி.லி. எல்லாவற்றுக்கும் நம் வீட்டில் ஒரே பெயர், 'ஸ்பூன்'!

ஆகவே மருந்தோடு வருகிற மூடி அல்லது அளவுக் கிண்ணம்தான் கரண்டி. மேஜைமேல் சமமாக வைத்து, குனிந்து, கோட்டைக் கண் மட்டத்தில் பார்த்து ஊற்றவேண்டும். கையில் பிடித்து மேலிருந்து பார்த்தால் கணக்குத் தப்பும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் குடிக்கக்கூடாது. குடித்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தால், "நீ கொடுத்தாயா, நான் குடித்தேனா" என்ற சந்தேகமே வராது.

யார் யார் முன்கூட்டியே கேட்கவேண்டும்?

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரக்கும் உபாதை உள்ளவர்கள், டெர்புடலின், சால்பியூட்டமால், ஃபினைலெஃப்ரின் கலந்த பாட்டிலை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். சர்க்கரை நோயாளிகள் சிரப்பில் உள்ள சர்க்கரையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சில பாட்டில்களில் குளோர்ஃபெனிரமின் போன்ற அலர்ஜி மருந்தும் இருக்கும். அது தூக்கம் வரவைக்கும். குடித்துவிட்டு ஸ்கூட்டர், கார் ஓட்டக்கூடாது. மதுவோடு சேரவே கூடாது. என் வயது ஆண்களில் புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு அந்த மருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

வயிற்றுப் புண் உள்ளவர்கள் புரோம்ஹெக்சின், ஆம்ப்ராக்சால் குடிக்குமுன் கேட்கவேண்டும். இந்த இரண்டாலும் மிக அபூர்வமாகக் கடுமையான தோல் ஒவ்வாமை வரலாம் என்று 2015ல் ஐரோப்பாவில் எச்சரித்தார்கள். தடிப்போ கொப்புளமோ கிளம்பினால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாங்களாக எதையும் வாங்கிக் குடிக்கக்கூடாது.

சொந்த மருந்தே இருமலுக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. எனாலபிரில், ராமிபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அதற்கு எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் நிற்காது. டாக்டர் மாத்திரையை மாற்றினால் நிற்கும்.

குழந்தை விஷயத்தில் நான் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான்.

2025 நவராத்திரிக்குப் புனேயிலிருந்து மகனும் மருமகளும் மூன்று வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். கொலு பார்க்க வந்த கூட்டத்தில் குழந்தைக்கு ஜலதோஷம் ஒட்டிக்கொண்டது. விஜயதசமிக்கு முந்தின இரவு நெஞ்சில் கள கள என்று சளி. குழந்தை தூங்கவில்லை. ஜனவரியில் வாங்கிய பாட்டில்களில் ஒன்று அலமாரியில் மிச்சம் இருந்தது. "ஒரு கால் மூடி கொடு, தூங்கிடும்" என்று மனைவியிடம் சொன்னவன் நான்தான். அவள் மூடியில் ஊற்றிக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள்.

மருமகள் உள்ளே வந்தாள். "அத்தை, அது என்ன மருந்து?"

"எனக்கு வாங்கினதுதாம்மா. நல்ல மருந்து. கொஞ்சமாத்தான்..." என்றேன்.

"மாமா, இந்த மருந்து குடிச்சுத்தானே நீங்க ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மூடியை வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. குழந்தை என்பது பெரியவரின் சிறிய அளவு அல்ல, பெரியவர் மருந்தில் கால் பங்கு குழந்தை மருந்தும் அல்ல என்பது அன்றிரவுதான் என் மண்டையில் ஏறியது.

அடுத்த இரண்டு மூன்று நாளில் செய்தித்தாள்களில் வந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். பக்கத்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். பலரை இங்கே நம் நாகபுரி ஆஸ்பத்திரிகளுக்குத்தான் கொண்டு வந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட ஊர் பராசியா.

பராசியா எனக்குப் பேப்பரில் படித்த ஊர் அல்ல. ஆம்லாவிலிருந்து ஜுன்னர்தேவ் வழியாகப் பராசியா போகிற நிலக்கரிப் பாதையில் எண்பதுகளில் நான் பி.டபிள்யூ.ஐ.யாக வேலை பார்த்திருக்கிறேன். டிராலியில் போகும்போது கேட் ஓரத்தில் நின்று கையாட்டிய குழந்தைகளை நினைத்துப் பார்த்தேன். அவர்களுடைய பேரக்குழந்தைகளாகக்கூட இருக்கலாம். அந்தச் சிரப் தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்று தெரிந்தபோது பக்கத்து வீட்டாரை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அது கோழை இளக்கி அல்ல, ஜலதோஷத்துக்கான கலவை மருந்து. ஆனால் பாடம் எல்லாச் சிரப்புக்கும் பொது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் திரவத்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாத அந்த விஷம், தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் 48.6 சதவீதம் இருந்தது. 1937ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றதும், 1986ல் பம்பாயில் 14 பேரைக் கொன்றதும், 2022ல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகளின் சாவோடு சம்பந்தப்படுத்தப்பட்டதும் இந்த ரசாயனம்தான். தித்திப்பாக இருக்கும். பார்த்தோ முகர்ந்தோ நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

நம்மால் கண்டுபிடிக்க முடியாததற்கு நாம் என்ன செய்வது? தேவையில்லாத மருந்தைக் கொடுக்காமல் இருக்கலாம். 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட அறிவுரை இதுதான். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்து கொடுக்கவே கூடாது. 5 வயதுக்குக் கீழே பொதுவாகச் சிபாரிசு செய்வதில்லை. அதற்கு மேலும் டாக்டர் பார்த்துச் சொன்னால் மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. மருந்து கொடுத்தபின் குழந்தைக்கு வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

என் பேத்தியை மறுநாள் குழந்தை டாக்டர் பார்த்தார். மருந்து எழுதவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, படுக்கும்போது கொஞ்சம் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்றும் சொன்னார். ஐந்தாம் நாள் அது கொலுப் படியில் ஏறிப் பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்தது.

எப்போது டாக்டர்?

சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், மார்பு வலி, விடாத ஜுரம், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் சிரப் பாட்டிலைத் தேடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அரசின் திட்டம். அரசு மையங்களில் இலவசம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அதே சமயம், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமாக வாங்கிப் போடவும் கூடாது.

மற்றபடி, தண்ணீர் நிறையக் குடிப்பதே நல்ல கோழை இளக்கி. சிறுநீரகம், இதயக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் கேட்டுக் குடிக்கவேண்டும். மிளகு ரசம், சுக்குக் காபி, உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பது எல்லாம் நமக்குத் தெரிந்ததே. ஆவி பிடிக்கிறவர்கள் கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் சரி. பீடி, சிகரெட்டை விடாமல் சளி மருந்து குடிப்பது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். உள்ளே என்னென்ன மருந்து? யாருக்கு? எவ்வளவு மி.லி.? காலாவதித் தேதி என்ன? வேறு மாத்திரையோடு மோதுமா? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தெரியாவிட்டால் பாட்டிலின் மூடியைத் திறப்பதில்லை. மிச்ச மருந்தை அடுத்த வருடத்துக்கு என்று வைப்பதும் இல்லை. நண்பர்களுக்கு மருந்து சொல்வதையும் விட்டுவிட்டேன்.

போன பொங்கல் விழாவில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் இருமிக்கொண்டே, "உங்களுக்கு ஒரு நல்ல சிரப் தெரியுமாமே, பேர் சொல்லுங்களேன்" என்றார். எழுந்துபோய் அவருக்கு ஒரு தம்ளர் வெந்நீர் வாங்கி வந்து கொடுத்தேன். "முதல்லே இதைக் குடிங்க. பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா, சொல்லுங்க" என்றேன். சாப்பிடுகிறேன் என்றார். "அப்படின்னா காலையிலே டாக்டர் கிட்டே போகலாம், நானும் கூட வர்றேன்" என்றேன்.

போய் வந்தோம்.